ம்பாஷே ஆற்று நாடு

தென்னாப்பிரிக்கா என்றால் நம்மவர்க்கு டர்பன் துறைமுகமும், கரும்புத் தோட்டங்களும், காந்தியடிகளின் அறப்போரும், தில்லையாடி வள்ளியம்மையும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நாட்டில் நம் மக்கள் குடியேறாத பகுதிகளும் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, கிழக்குக் கேப் மாகாணத்தில் இந்துமாக் கடலை அடுத்துள்ள ம்பாஷே என்னும் நாட்டுப்புறம். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நமக்கு, அந்நாட்டுப்புறத்தைப் பற்றி அறிவதில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாக அவ்வூர் ஆடவர்கள் வெளியூருக்கு உழைக்கப் போவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள்.

ம்பாஷே ஒரு முனிசிபாலிடி. அச்சொல்லைக் கேட்டதும் கடைவீதியும் தெருவிளக்கும் நம் கண்முன் தோன்றும். அங்கே நிலைமை வேறு. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தேர்தலோடு, தென்னாப்பிரிக்காவின் நிலம் முழுவதையும், ஓர் அங்குலமும் விடாமல், முனிசிபாலிடிகளாகப் பிரித்துவிட்டார்கள். மலையும் காடும் மேய்ச்சல் நிலமும்கூட ஏதேனும் ஒரு முனிசிபாலிடிக்குள் அடங்கியே தீரவேண்டும். அவ்வாறு அமைந்த ம்பாஷேயின் பரப்பு 3,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். டுட்டிவா, வில்லோவேல், எலியட்டேல் என்ற மூன்று சிறு பட்டணங்கள் மட்டுமே அதில் உண்டு. மற்றவை யாவும் குன்றுகளின்மேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களே.

நிலமும் நீரும்

கேப்டவுனையும் டர்பனையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை டுட்டிவா வழியாகச் செல்கிறது. 1858-இல் படைக்காவல் நிலையமாகத் தோன்றிய ஊர் அது. நெடுஞ்சாலையை விட்டுக் கடற்பக்கம் திரும்பியதும் நாட்டின் உண்மைத் தோற்றம் தெரியத் தொடங்குகிறது. அலை அலையாகப் பசும்புல் குன்றுகள், அவற்றின் முதுகின்மேல் வட்ட வட்டமான வீடுகள், பள்ளங்களில் ஓடைகள். மரங்கள் குறைவு. மழைநீர் மண்ணை அரித்து அறுத்த பெரிய வெடிப்புக்கள் பல இடங்களில் செந்நிறமாய் வாய் திறந்து கிடக்கின்றன. நாம் மார்கழிக் குளிரில் போர்வை தேடும்போது அங்கே நடுக்கோடை. மழையும் அப்போதுதான்.

இந்நாட்டுக்குப் பெயர் தந்தது ம்பாஷே ஆறு. உள்நாட்டு மலைச்சாரலில் தோன்றி, பீடபூமியை ஆழமாகக் குடைந்துகொண்டு கடலை நோக்கி வருகிறது. காலிவாபிள்ஸ் என்னுமிடத்தில் அது வளைந்து திரும்பி, மீண்டும் வளைந்து திரும்பிப் பாயும் காட்சி, பாம்பு நெளிவதை உயரத்திலிருந்து பார்ப்பது போன்றது. அங்குள்ள செங்குத்துப் பாறைகளில் பாறு எனப்படும் பெருங்கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. கடலோடு சேருமிடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. பிச்சாவரத்தைக் கண்டவர்க்கு அக்காட்சி புதிதாய்த் தோன்றாது.

இவ்வாற்றின் கரையில், முனிசிபாலிடி எல்லைக்குச் சற்று அப்பால் உள்ள ம்வேசோ என்ற சிற்றூரில்தான் 1918-இல் நெல்சன் மண்டேலா பிறந்தார்.

மக்களும் வீடுகளும்

மக்கள் பெரும்பாலும் கோசா மொழி பேசுவோர். அம்மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் மூன்று வகை உண்டு. பழங்குடிகளான கொய்சான் மக்களுடன் நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததால் அவ்வொலிகள் கோசாவுக்கு வந்து சேர்ந்தன என்பர் மொழிநூலார். நாங்கள் அவற்றைச் சொல்ல முயன்றபோதெல்லாம் சிறுவர் கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. நம் மொழியின் ‘ழ’கரத்தைச் சொல்லச் சொல்லி நாமும் பிறரை வருத்துபவர்கள்தாமே! எதிர்ப்பட்டவர் பலராயினும் ஒருவராயினும் வணக்கம் சொல்லாமல் கடந்து செல்வது அங்கே மரியாதைக் குறைவு. ‘மோல்வேனி’ என்று சொல்லி, நலம் விசாரித்து, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்ட பிறகே வேறு பேச்சு.

வில்லோவேல் பக்கத்தில் கலேக்கா பிரிவினரும், எலியட்டேல் பக்கத்தில் பொம்வானா மக்களும் மிகுதி. கோசா அரச குலத்தின் தலைமை இல்லம் வில்லோவேலை அடுத்த ந்காடுவில் உள்ளது. 1835-இல் மன்னர் ஹின்ட்சா பிரிட்டிஷ் படையினரால் கொல்லப்பட்டதும் இப்பகுதியின் ந்காபாரா ஆற்றோரத்தில்தான். பள்ளிப் பிள்ளைகளும் அவர் பெயரை அறிந்திருக்கிறார்கள்.

வட்டமான மண்சுவரும் கூம்பு வடிவப் புற்கூரையும் உடையது பழைய வீடு. சுவரின் ஒரு பாதிக்கு வெண்மையோ கடல்நீலப் பச்சையோ பூசுகிறார்கள். வீட்டின் முன்புறம் முள்வேலியிட்ட மாட்டுப்பட்டி. அது வெறும் தொழுவமன்று. முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்று நம்பப்படுவது. குடும்பத் தலைவர் முன்னோரோடு பேசுவதும், பெரிய முடிவுகள் எடுக்கப்படுவதும் அதன் வாயிலில்தான். அதனை அடுத்துச் சோளமும் பயறும் பூசணியும் விளையும் கொல்லை. உடைத்த மக்காச்சோளத்தைப் பயறோடு நீண்ட நேரம் வேகவைத்த ‘உம்ங்கூஷோ’ நாள்தோறும் உண்ணும் உணவு. புளித்த பாலை ‘அமாசி’ என்கிறார்கள். நம் தயிருக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம்.

இவ்வழகிய குன்றுகளில் உற்றுப் பார்ப்பவர்க்கு ஒன்று புலப்படும். கிழவர், கிழவியர், தாய்மார், பிள்ளைகள் எங்கும் தென்படுகின்றனர். உழைக்கும் வயதினரான ஆண்கள் அருமையாகவே தென்படுகின்றனர்.

கட்டுச்சோறும் வரவேற்பும்

ஆங்கில ஆட்சியினர் இங்கே குடிசைவரி விதித்தனர். வரியைப் பணமாகக் கட்டவேண்டும். சோளத்திலும் மாட்டிலும் வாழ்ந்த மக்களிடம் பணம் இல்லை. 1886-இல் ஜோஹானஸ்பர்க் பகுதியில் தங்கம் கண்டறியப்பட்டபின், சுரங்க முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. வரியும், நிலக் குறைவும், கால்நடை நோய்களும் ஒரு பக்கம் தள்ள, சுரங்கத்து ஆள்சேர்ப்பு நிலையங்கள் மறு பக்கம் இழுத்தன. ஆடவர் பல மாத ஒப்பந்தத்தில் சென்று, குடும்பத்தை அழைத்துச் செல்ல அனுமதியின்றிப் பெருங்கொட்டகைகளில் தங்கி, பூமியின் அடியில் உழைத்துத் திரும்பினர். மண்டேலாவும்கூட 1941-இல் ஜோஹானஸ்பர்க்குக்கு ஓடிச் சென்றபோது, சிறிது காலம் பார்த்த முதல் வேலை ஒரு தங்கச் சுரங்கத்தில் இரவுக் காவல்தான்.

வில்லோவேல் வட்டாரத்து ஷிக்சினிப் பகுதியில் இப்பயணங்களைச் சுற்றி ஒரு சடங்கே வளர்ந்தது. மானிடவியலார் அதனை விரிவாக எழுதி வைத்துள்ளனர். புறப்படுபவனுக்கு ‘உம்பாகோ’ என்று ஒரு விருந்து. அச்சொல்லுக்கு நேர் பொருள் நம் ‘கட்டுச்சோறு’ என்பதே. அவன் நலமாகத் திரும்பி வந்தபின் ‘உம்சிந்லேகோ’ என்னும் வரவேற்பு. வீட்டுப் பெண்கள் தானிய மது காய்ச்சி ஊராரை அழைப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். முன்னோர் உன்னைக் காத்தனர். பட்டணத்தில் பணத்தைத் தொலைக்காமல் வந்தாய். நீ போனது வீட்டைக் கட்டுவதற்காக என்பதை மறவாதே என்பதே அப்பேச்சுக்களின் சாரம். ‘வீட்டைக் கட்டுதல்’ என்றால் செங்கல் அடுக்குவது மட்டுமன்று. மாடு வாங்குவது, மணம் முடிப்பது, பிள்ளைகளைப் பேணுவது, அயலாருக்கு உதவுவது அனைத்தும் அதில் அடங்கும். சுரங்கத்தை அம்மக்கள் வாழும் இடமாகக் கருதியதில்லை. போய் வரும் காடு போலவே அதை எண்ணினர்.

டுட்டிவாவுக்கு அருகில் ம்பெவுலேனி என்ற ஊரில் ஒரு சிறு கடை இருந்தது. அதை நடத்தியவர்கள் கோவன் ம்பெக்கி, அவர் மனைவி எபைனெட். சுரங்கங்களிலிருந்து வரும் கடிதங்களை எழுத்தறியாத பெண்கள் அக்கடைக்குக் கொண்டு வருவார்கள். அவற்றைப் படித்துச் சொல்லும் வேலை அவ்வீட்டுச் சிறுவனுக்கு வாய்த்தது. வயதுக்கு மீறிய துன்பங்களை அக்கடிதங்களிலிருந்து அவன் அறிந்தான் என்பர் வரலாறு எழுதியோர். அச்சிறுவன்தான் பின்னாளில், 1999 முதல் 2008 வரை, நாட்டின் ஜனாதிபதியாக இருந்த தாபோ ம்பெக்கி. தந்தை கோவன் 1964 முதல் 1987 வரை சிறையிலிருந்தார். தாய் எபைனெட், மகன் ஜனாதிபதியான பின்னும் டுட்டிவா வட்டாரத்துச் சிற்றூரை விட்டு அகலாமல், ஊர்ப் பெண்களுக்குத் தொழில் அமைத்துக் கொடுப்பதில் ஈடுபட்டு, 2014-இல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

1980-களின் இறுதியிலிருந்து தங்கச் சுரங்கங்களில் ஆட்குறைப்பு தொடங்கியது. திரும்பி வந்தவர்களில் பலர் கல்தூசியால் நுரையீரல் கெட்டு வந்தனர். அவர்கள் சார்பாகத் தொடரப்பட்ட வழக்கில் 500 கோடி ராண்ட் அளவிலான சமரச ஏற்பாட்டுக்கு 2019-இல் ஜோஹானஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. இளைஞர் இப்போது கேப்டவுனுக்கும் ஜோஹானஸ்பர்க்குக்கும் வேறு வேலைகளைத் தேடிப் போகின்றனர். டிசம்பர் மாதத்தில் பேருந்துகள் நிரம்பி வழிய, அனைவரும் ஊர் திரும்புகின்றனர். தீபாவளிக்கு முந்தைய நம் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு அதை வருணிக்க வேண்டுவதில்லை.

ஆட்சியின் கதை

முற்காலத்தில் தலைவரும் அவருடைய அவையுமே ஆட்சி. வெள்ளையர் வந்தபின் மாஜிஸ்டிரேட்டுகள் ஆண்டனர். தலைவர்கள் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட ஊழியரானார்கள். 1890-களில் வட்டார மன்றங்கள் தோன்றின. ‘பூங்கா’ என்று மக்கள் அழைத்த பொதுப் பேரவை எழுந்தது. பேசலாம், தீர்மானம் போடலாம், முடிவு வேறிடத்தில். பின்னர் நிறவெறி அரசு, 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தலைவர்களைத் தன் கருவியாக்கியது. 1976-இல் இப்பகுதி உட்பட்ட டிரான்ஸ்கைக்குச் ‘சுதந்திரம்’ வழங்கியதாக அறிவித்தது. அதை உலகில் தென்னாப்பிரிக்காவைத் தவிர வேறெந்த நாடும் ஏற்கவில்லை. தம் சொந்த நாட்டிலேயே மக்களை அயலார் ஆக்குவதற்குக் கண்ட சூழ்ச்சி அது. 1994-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதற் பொதுத் தேர்தலோடு அந்த நாடகம் முடிந்தது.

புதிய அரசியல் சட்டம் 1996-இல் பிறந்தது. மத்திய அரசு, மாகாண அரசு, உள்ளாட்சி என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று அடிமையாகாத மூன்று அரங்குகள் என்று அது வகுத்தது. ம்பாஷே முனிசிபாலிடி 30-க்கு மேற்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டமும் ஓர் உறுப்பினரை நேரே தேர்ந்தெடுக்கிறது. ஏறத்தாழ அதே அளவு உறுப்பினர், கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து வருகின்றனர். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. வாக்காளர் கையில் மூன்று சீட்டுக்கள் தரப்படும். முதலாவது வட்ட உறுப்பினருக்கு, இரண்டாவது கட்சிக்கு, மூன்றாவது மேலேயுள்ள மாவட்ட மன்றத்துக்கு. வட்ட உறுப்பினருக்குத் துணையாகப் பத்துப் பேர் வரை கொண்ட வட்டக் குழுவும் உண்டு. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை மக்களைக் கலந்து வகுக்கவேண்டும் என்பது சட்டம்.

பழைய தலைவர்களும் மறைந்து போகவில்லை. மேய்ச்சல் நிலமும் வீட்டுமனையும் வழங்குவதில் ஊர்த் தலைவரின் சொல்லே இன்றும் செல்கிறது. முனிசிபாலிடி மன்றத்தில் அவர்கள் அமர்ந்து பேசலாம், வாக்களிக்க இயலாது. தலைவர் அவைகளில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆடவர் மட்டுமே கூடிய மாட்டுப்பட்டி வாயிலுக்கு இது சிறிய மாறுதலன்று.

தண்ணீர் யார் பொறுப்பு?

இவ்வளவு ஏற்பாடும் இருக்க, குன்றின்மேல் வாழும் ஒரு தாய்க்கு வேண்டுவது தண்ணீர். நாளொன்றுக்கு ஆளுக்கு 25 லிட்டர், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் என்பது விடுதலைக்குப்பின் அரசு வகுத்த குறைந்தபட்ச அளவு. போதிய நீர் பெறும் உரிமையை அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் எல்லோருக்கும் அளித்துள்ளது. குழாய் வந்த ஊர்களும் உண்டு. குழாய் நட்டும் நீர் வராத ஊர்களும் உண்டு. தலையில் வாளி சுமந்து ஓடைக்குப் போய் வரும் பெண்களையும் சிறுமியரையும் நாங்கள் காலைதோறும் கண்டோம். கால்நடைகள் இறங்கும் அதே ஓடைதான்.

அத்தாய் வட்ட உறுப்பினரிடம் முறையிடுகிறாள். ஆனால் தண்ணீர் அவருடைய மன்றத்தின் பொறுப்பன்று. அது அமதோலே மாவட்ட முனிசிபாலிடியின் பொறுப்பு. அதன் தலைமை அலுவலகம் ஈஸ்ட் லண்டன் நகரில். பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் மாகாண அரசைச் சார்ந்தவை. மின்சாரம் நாட்டு மின் நிறுவனத்துடையது. சாலை கூட மூவருக்குச் சொந்தம்: நெடுஞ்சாலை மத்திய நிறுவனத்துக்கு, கப்பிச் சாலை மாகாணத்துக்கு, வீட்டுக்குச் செல்லும் மண்பாதை மட்டுமே ம்பாஷே மன்றத்துக்கு. மழையில் பேருந்து சேற்றில் புதையும்போது, அது யாருடைய சேறு என்பதைப் பயணிகள் எவ்வாறு அறிவார்கள்?

வருவாயும் வேறிடத்துது. வீட்டுவரி செலுத்த வல்லோர் பட்டணங்களிலேயே சிலர்தாம் உள்ளனர். ஆதலால் மத்திய அரசு பகிர்ந்தளிக்கும் மானியமே மன்றத்துக்கு உயிர். குடும்பங்களுக்கும் அவ்வாறே. முதியோர் உதவித்தொகையும், 1998 முதல் வழங்கப்படும் குழந்தை உதவித்தொகையும் பல அடுப்புக்களை எரியச் செய்கின்றன. பாட்டியின் உதவித்தொகையில் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது இயற்கை. 1993-இல் நடைமுறைக்கு வந்த நம் பஞ்சாயத்துத் திருத்தம், ஊருக்கு ஒரு மன்றமும் கிராம சபையும் தந்தது. ம்பாஷேயில் சிற்றூருக்கென்று தேர்தலில் அமையும் மன்றம் இல்லை. ஒரு வட்டத்துக்குள்ளேயே பல சிற்றூர்கள் அடங்கும். ஆனால், உள்ளாட்சிக்குத் தனி அரங்கு என்ற தகுதியை அவர்கள் அரசியல் சட்டத்திலேயே பொறித்துவிட்டனர். நமக்கோ எந்த அதிகாரத்தைத் தருவது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் மனத்தைப் பொறுத்தது.

காடும் கடலும்

முறையிட்டுக் களைத்துப் போகும் மக்கள்தாம் என்று இவர்களை எண்ணிவிடக் கூடாது. ம்பாஷே ஆற்றின் முகத்துவாரத்தின் இரு மருங்கிலும் துவேசா, க்வேபே என்னும் அடர்ந்த கடற்கரைக் காடுகள் உள்ளன. அரசு அக்காட்டைத் தனதாக்கி, பல பத்தாண்டுகளில் மக்களைப் படிப்படியாக அகற்றிவிட்டு, பின்னர் வேலியிட்டுக் காப்பகமாக்கியது. விறகு, கூரைப்புல், சிப்பி, மீன் அனைத்தும் ஒரே வேலிக்குள் போயின. விடுதலைக்குப்பின் ஏழு ஊர் மக்கள் நிலத்தை மீட்கக் கோரினர். 2001-இல் நிலம் அவர்களுடையதே என்று உடன்பாடு ஏற்பட்டது. காடு காப்பகமாகவே தொடரவும் அவர்கள் இசைந்தனர்.

ஆனால் கடலோரம் மீன்பிடி தடைசெய்யப்பட்ட எல்லையாகவே இருந்தது. 2010-இல் மீன்பிடிக்கச் சென்ற மூவர் கைதாயினர். தம் முன்னோர் காலந்தொட்டு இக்கடலில் மீன்பிடித்து வந்ததாகவும், எவ்வளவு பிடிப்பது, எப்போது விடுவது என்பதற்குத் தமக்கும் முறை உண்டென்றும் அவர்கள் வாதிட்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்தது. அவர்கள் தளரவில்லை. 2018-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்களுடைய வழக்காற்று மீன்பிடி உரிமை உயிரோடிருக்கிறது, சட்டம் அதை அழிக்கவில்லை என்று கூறித் தண்டனையை நீக்கியது. பட்டணத்து ஏட்டில் இல்லாத ஒரு வழக்கம், நாட்டின் சட்டமாக ஏற்கப்பட்டது. இரண்டரை லட்சம் பேர் வாழும் ஓர் ஏழை முனிசிபாலிடியிலிருந்து எழுந்த இவ்வழக்கு, தென்னாப்பிரிக்கக் கடற்கரை மக்கள் அனைவர்க்கும் பயன்படுவதாயிற்று.

ஊருக்கு யார் குரல்?

தீராத ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. வாக்காளர் தாம் வழக்கமாக வாழும் இடத்திலேயே பெயர் பதியவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். கேப்டவுனில் ஆண்டு முழுதும் உழைக்கும் மகனுக்கு ‘வழக்கமாக வாழும் இடம்’ எது? அவன் அனுப்பும் பணத்தில் ம்பாஷேயில் சுவர் எழுகிறது. அவன் தாய் அங்கே நீர் சுமக்கிறாள். அவன் இறந்தாலும் உடலை அங்கேயே கொண்டு செல்வார்கள். உலகமே அறிந்த மண்டேலாவும் 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், தாம் வளர்ந்த குனு என்னும் சிற்றூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும் அவ்வூரின் குழாயையும் பாதையையும் பற்றிப் பேசவேண்டிய கூட்டங்களில், ஊருக்குப் பணம் அனுப்புவோர் இருப்பதில்லை. இருப்போர் முதியவரும் பெண்களும். பல காலம் பேசவேண்டாம் என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்களே.

இக்கேள்வி நமக்கும் உரியது. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடை அனுப்புகிறோம். கோயில் கோபுரத்துக்கு நன்கொடை எழுதுகிறோம். ஊர்க் குளம் தூர்ந்ததா, கிராம சபை எந்நாளில் கூடுகிறது, அதில் நம் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து பேசுகிறார்களா என்று கேட்டு நம்மில் எத்தனை பேர் கடிதம் எழுதுகிறோம்? ஷிக்சினியின் முதியவர்கள், பயணம் போய் வந்த இளைஞனிடம் வீட்டைக் கட்டு என்றார்கள். வீடு கட்டி முடிந்தபின் ஊர் எஞ்சியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் அதற்கும் ஒரு நாளை ஒதுக்குவார்களாக.